ஒரே கோடில் போன், கம்ப்யூட்டர், வெப் எல்லாவற்றுக்கும் ஆப் செய்ய உதவும் கூகுளின் கருவியான ஃபிளட்டரில் அடுத்து வரப்போகும் வசதிகளில் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? அவை வரும்வரை புது ஆப்பைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட வேண்டாம். ரோட்மேப்பை, அதாவது அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்ற பட்டியலை, நம்பிக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டார்ட் மேக்ரோஸ் கதையே போதும். டார்ட் என்பது ஃபிளட்டர் ஆப் எழுதும் மொழி, மேக்ரோஸ் என்பது கோடைத் தானாக எழுதித் தரும் வசதி. 2024 மே மாதம் கூகுள் ஐஓ மாநாட்டில் முன்னோட்டம் காட்டினார்கள், சர்வரிலிருந்து வரும் ஜேசன் வடிவத் தரவுக்காக நாம் பக்கம் பக்கமாக அடிக்கிற கோடெல்லாம் ஒற்றை வரியில் முடிந்துவிடும் என்று எல்லோரும் ஆசையாக இருந்தோம். 2025 ஜனவரியில் கைவிட்டுவிட்டதாக அறிவித்தார்கள். காரணம் நியாயமானதுதான்: அதைச் சேர்த்தால், கோடை மாற்றியதும் ஓடுகிற ஆப்பில் உடனே காட்டும் ஹாட் ரீலோட் மந்தமாகிவிடுமாம், ஹாட் ரீலோட் போனால் அப்புறம் ஃபிளட்டரில் என்ன மிச்சம்? ரோட்மேப் பக்கத்திலேயே இது எண்ணம்தான், உறுதிமொழி இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி தேதி பார்த்துப் படிக்கிறோம்.

நான் மன்னார்குடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிறவர்கள், அரிசி ஆலைகள், உரக்கடைகள், இவர்கள்தான் எனக்கு வாடிக்கை. அதனால் என் எதிர்பார்ப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

நான் உண்மையிலேயே காத்திருப்பது டெஸ்க்டாப்பில் பல விண்டோ திறக்கும் வசதிக்கு. ஆலையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் விண்டோஸ்தான். நெல் லோடு எடைமேடையில் நிற்கும், எடை போட்டுச் சீட்டு அடிக்க வேண்டும், அதே நேரம் அந்தப் பார்ட்டிக்குப் பழைய பாக்கி எவ்வளவு, போன தடவை ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழித்தோம் என்று இன்னொரு பக்கம் திறந்து பார்க்க வேண்டும், வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். பழைய விபி (விஷுவல் பேசிக்) மென்பொருளில் பழகிய கணக்குப்பிள்ளைக்கு இரண்டு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கைவந்த பழக்கம். ஃபிளட்டர் விண்டோஸுக்கு 2022 பிப்ரவரியிலேயே ஸ்டேபிள், அதாவது நம்பிப் பயன்படுத்தக்கூடிய பதிப்பு, ஆகிவிட்டது, ஆனால் ஒரு ஆப்புக்கு ஒரு விண்டோ என்ற கணக்கில்தான் இருக்கிறது. உபுண்டுவை நடத்தும் கனானிக்கல் ஆட்கள் பல விண்டோ வேலையைச் செய்துவருகிறார்கள், இன்னும் சோதனை நிலைதான். அதுவரை ஒரே விண்டோவை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் சீட்டு, வலப்பக்கம் பாக்கி என்று ஓட்டுகிறேன். குறை சொல்லிக்கொண்டே பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது, மெட்டீரியலையும் (ஆண்ட்ராய்டு பாணி பட்டன், மெனு) குப்பர்டினோவையும் (ஐபோன் பாணி) ஃபிளட்டரின் மையத்திலிருந்து பிரித்துத் தனித்தனி பேக்கேஜாக வைக்கும் திட்டம். கேட்க சப்பென்று இருக்கும், ஆனால் பெரிய விஷயம். இன்றைக்கு ஒரு பட்டனில் உள்ள சின்னப் பிழை சரியாகி வருவதற்குக்கூட முழு ஃபிளட்டரின் அடுத்த ஸ்டேபிள் வர வேண்டும், அது ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிரித்துவிட்டால் அந்தப் பேக்கேஜை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். ஃபிளட்டர் திரையைத் தானே வரைகிறது என்பதால் ஆப்பிள் 2025இல் கொண்டுவந்த லிக்விட் கிளாஸ் தோற்றம் நம் ஆப்புக்குத் தானாக வராது, யாராவது வரைந்து கொடுக்க வேண்டும். இங்கே ஐபோன் யார் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த ஐபோன் கையில் இருக்கும்.

திரையை வரையும் ஃபிளட்டரின் புது இன்ஜினான இம்பெல்லர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் தடவை ஒரு அனிமேஷன் ஓடும்போது திரை திக்கித் திணறியதே, ஷேடரை (திரையில் வரைவதற்கான சின்ன நிரல்) அந்த நேரத்தில் கம்பைல் செய்வதால் வந்த கோளாறு அது, இம்பெல்லர் அதை முன்கூட்டியே செய்து வைத்துவிடும். ஐபோனின் ஐஓஎஸ்ஸில் 2023இல் வந்த ஃபிளட்டர் 3.10 முதலும், ஆண்ட்ராய்டில் 2024 டிசம்பரில் வந்த 3.27 முதலும் இதுதான் இயல்பு. ஒரு கொக்கி இருக்கிறது: ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே உள்ள போனிலும் வல்கன் என்ற கிராபிக்ஸ் வசதி இல்லாத போனிலும் இந்தப் பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. மகன் புது போன் வாங்கியதும் அப்பா கைக்கு வந்த பழைய போனில்தான் எங்கள் ஊரில் மிஷின் புக் பண்ணுவார்கள். ஆகவே அந்த மாதிரி ஒரு போனை வாங்கி மேசையில் போட்டு வையுங்கள், கம்ப்யூட்டரில் போன் மாதிரி ஓடும் எமுலேட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடுவதை நம்பாதீர்கள்.

வெப்பில் ஹாட் ரீலோட் ஃபிளட்டர் 3.35இல் இயல்பாகவே வந்துவிட்டது, நல்லது. ஆனால் தமிழ் ஆப் செய்கிறவர்களுக்கு அதைவிட முக்கியம் எழுத்துரு. தமிழ் எழுத்து உள்ள ஃபான்ட்டை நீங்கள் சேர்க்கவில்லை என்றால் வெப்பில் ஃபிளட்டர் அதை இணையத்திலிருந்து இறக்கும், இறங்கி முடியும்வரை ‘நெல்’ என்பது கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபான்ட்டை ஆப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள், இதற்கு எந்த ரோட்மேப்பும் தேவையில்லை.

டார்ட் 3.10இல் டாட் சுருக்கம் வந்திருக்கிறது, நடுவில் வை என்பதற்கு மெயின்ஆக்சிஸ்அலைன்மென்ட்.சென்டர் என்று முழுசாக அடிக்காமல் வெறும் .சென்டர் போதும். விரலுக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். ஸ்டோருக்குப் போகாமலே ஆப்பைத் திருத்தும் கோட் புஷ்ஷை உள்ளேயே தரும் திட்டம் இல்லை என்று ஃபிளட்டர் குழு சொல்லிவிட்டது, வேண்டுமானால் ஷோர்பேர்ட் என்ற வெளிச் சேவை இருக்கிறது. என் அனுபவத்தில் அறுவடை சமயத்தில் அவசரமாக மாறுவது மணிக்கு இத்தனை ரூபாய் என்கிற வாடகைதான், அதை சர்வரில் வைத்துவிட்டால் போதும்.

அதற்காகப் பதிப்பை ஏற்றாமலே இருந்துவிடவும் முடியாது. 2025 நவம்பர் முதல், ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைக்கும் ஆப்களுக்கு 16 கேபி பேஜ் (போன் நினைவகத்தைப் பிரிக்கும் அளவு) ஆதரவு வேண்டும் என்று பிளே ஸ்டோர் கேட்கிறது, பழைய ஃபிளட்டரும் கூடுதல் வசதிக்காக நாம் சேர்க்கிற பழைய பிளகின்களும் அங்கே மாட்டும். எடை மெஷினோடு பேசுகிற பிளகினை யாராவது இன்னும் பராமரிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நான் குறுவை அறுவடையிலும் தை, மாசி சம்பா அறுவடையிலும் எதையும் தொடமாட்டேன், மாசி முடிந்து மேட்டூர் திறப்பதற்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவேன்.

உங்கள் ஆப் போனுக்கு என்றால் இருக்கிற ஸ்டேபிளில் இன்றைக்கே ஆரம்பியுங்கள். விண்டோஸுக்கு, அதுவும் இரண்டு மூன்று விண்டோ கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் வேறு கருவி பாருங்கள்.