தாம்சன் சாலையிலிருந்து மரீனா பே வரை: சிங்கப்பூர் கிராண்ட் பிரி கேள்வி பதில்

கே: சிங்கப்பூரில் கார் பந்தயமே 2008-ல்தானே வந்தது?

உலகின் உச்சக் கார் பந்தயத் தொடரான ஃபார்முலா ஒன், மரீனா பே சாலைகளுக்கு வந்தது அப்போதுதான். பந்தயம் 1961-லேயே வந்துவிட்டது. அப்பர் தாம்சன் சாலையை மூடிவிட்டு, சுமார் 4.8 கிலோமீட்டர் சுற்றில் ஓட்டினார்கள். 1962-ல் அதற்கு மலேசியன் கிராண்ட் பிரி என்று பெயர். சிங்கப்பூர் தனிநாடான பிறகு, 1966-ல்தான் சிங்கப்பூர் கிராண்ட் பிரி ஆனது. அந்த வருடம் ஜெயித்தவர் லீ ஹான் செங். நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் 1969, 70, 71 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றார். ஆனால் இவை எதுவும் உலகச் சாம்பியன்ஷிப் கணக்கில் வராது.

கே: அந்தப் பாதை அவ்வளவு ஆபத்தா, அண்ணே? எங்க தாத்தா கதை கதையாகச் சொல்வார்.

தாத்தா மிகைப்படுத்தவில்லை! 'தாம்சன் மைல்' என்ற நேர்ப்பகுதியில் ஒரு மேடு உண்டு. வேகமாக வந்தால் கார் தரையை விட்டு எழும்பும். அப்புறம் 'ஸ்னேக்ஸ்' என்ற நெளிவுகள், அது முடிந்ததும் 'டெவில்ஸ் பெண்ட்'. பாதையோரத்தில் மழைநீர்க் கால்வாய், விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம். மற்ற நாட்களில் பஸ்கள் சிந்திய எண்ணெய் வேறு சாலையில் படிந்திருக்கும். 1972-லும் 73-லும் அடுத்தடுத்து ஓட்டுநர்கள் இறந்தார்கள்.

கே: அதனால்தான் நிறுத்தினார்களா?

அது ஒரு காரணம். முக்கியமான சாலையை நாள் கணக்கில் மூடுவது, பார்த்துவிட்டு இளைஞர்கள் தெருவில் அதே வேகத்தில் ஓட்டுவது என்ற கவலைகளும் அரசுக்கு இருந்தன. 1973-ல் வெர்ன் ஷுப்பன் ஜெயித்ததே கடைசி. அதன் பிறகு 35 வருட இடைவெளி.

கே: இப்போதைய மரீனா பே பந்தயத்தை ஏன் இரவில் நடத்துகிறார்கள்? வெயிலுக்காகவா?

பெரும்பாலும் ஐரோப்பிய டிவிக்காக. இங்கே இரவு 8 மணி என்றால் லண்டனில் மதியம் 1 மணி. ஓட்டுநர்கள் பலர் இங்கே வந்தும் ஐரோப்பிய நேரப்படியே இருப்பார்கள். மதியத்துக்கு மேல் எழுந்து, விடியும்போது தூங்கப் போவார்கள். வெயில் இல்லாவிட்டாலும் புழுக்கம் விடாது. ஒரே பந்தயத்தில் உடம்பு 3 கிலோ வரை குறையும்.

கே: 2008-ல் நடந்த மோசடி என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள் சார்.

ரெனோ அணியின் அலோன்சோ 15-வது இடத்திலிருந்து கிளம்பி, யாருக்கும் முன்பே பிட்டுக்குள் (பந்தயத்தின் நடுவே கார்கள் நின்று பெட்ரோல் போடும் இடம்) வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் அதே அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் 17-வது வளைவில் சுவரில் மோதினார். விபத்து நேர்ந்தால் எல்லோரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் சேஃப்டி கார் வந்தது, மற்றவர்கள் பிட்டுக்கு ஓடினார்கள், ஏற்கெனவே பெட்ரோல் போட்டுவிட்ட அலோன்சோவுக்கு வழி திறந்தது, அவரே ஜெயித்தார். அந்தக் களேபரத்தில்தான் ஃபெராரி அணியின் மாசாவின் கார், பெட்ரோல் குழாயோடு பிட்டிலிருந்து கிளம்பிப் போனது. அந்த வருட உலகச் சாம்பியன் பட்டத்தை மாசா ஒரே ஒரு புள்ளியில் ஹாமில்டனிடம் இழந்தார்.

மோதியது வேண்டுமென்றே என்று அடுத்த வருடம் பிக்கே சொல்லிவிட்டார். அணித் தலைவர் ஃப்ளேவியோ பிரியாட்டோரேவுக்குத் தடை விதித்தார்கள். 2010-ல் பிரெஞ்சு நீதிமன்றம் அதை நீக்கியது. அலோன்சோவின் வெற்றி மட்டும் ஏட்டில் அப்படியே நிற்கிறது. எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை.

கே: நிரந்தரத் தடம் ஒன்று கட்டவே இல்லையா?

சாங்கியில் ஒரு திட்டம் வந்து பாதியில் நின்றது. அன்றும் இன்றும் ஊர்ச் சாலைதான்.

கே: நேரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

17-வது வளைவைத் தேடாதீர்கள். மரீனா பேயில் மிதக்கும் மேடைப் பகுதியை மாற்றிக் கட்டுவதால், 2023-ல் 16 முதல் 19 வரையிலான வளைவுகளை எடுத்துவிட்டு நேர்ப்பாதை ஆக்கிவிட்டார்கள். பழையதைப் பார்க்க ஓல்டு அப்பர் தாம்சன் சாலைக்குப் போங்கள். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டி, மரநிழலில் அந்த நெளிவுகள் இன்னும் இருக்கின்றன. கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும்.