சாமியோடு சண்டை போடலாமா? கேள்வி பதில்

ரங்கூனில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த மாதம் பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எல்லாரும் கஷ்டத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஐயா, 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்கு அப்புறம் கடையை மூடிவிட்டேன். கும்பிடாத நாளில்லை, ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் ஆத்திரத்தில் சாமி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். பாவமா?

பதில்: பாவமில்லை தம்பி. திருப்பித்தானே வைத்தீர்கள், எடுத்துக் கடாசவில்லையே!

சுந்தரர் போட்ட சண்டை இதைவிடப் பெரிது. மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று திருவொற்றியூரில் சத்தியம் செய்துவிட்டு, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு அவர் மேல்தான். அதற்காக வாயை மூடிக்கொண்டாரா? தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் போய், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டார். ‘உளோம், போகீர்’ என்று பதில் வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோல். கண் கேட்டவருக்குக் கோல்! காஞ்சியில் இடக்கண் தெரிந்தது. திருவாரூருக்கு வந்து ‘வாழ்ந்து போதீரே’ என்று பாடினார். அடியான் இப்படிக் கிடக்க, நீராவது நன்றாக இரும் என்று குத்திக்காட்டுகிற பேச்சு அது. வலக்கண்ணும் வந்தது. இத்தனைக்கும் அந்தப் பதிகம் ‘மீளா அடிமை’ என்றுதான் தொடங்குகிறது.

எனக்கு இதில் பிடித்தது அந்த ஊன்றுகோல்தான். கடை போன பிறகும் உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால், யாரோ கோல் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று யோசித்துப் பாருங்கள். படத்தைத் திருப்புவது உங்கள் இஷ்டம்.

கேள்வி: எண்ணெய் விற்கிற விலையில் தினம் விளக்கேற்ற முடியவில்லை. முனீஸ்வரருக்கு நேர்ந்த தீமிதியும் நின்றுபோனது. கோபிப்பாரா?

பதில்: மாட்டார். பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் சாமி தினம் ஆளுக்கொரு காசு கொடுத்தார். சம்பந்தர் காசுக்கு மட்டும் கடையில் வட்டம் கழித்தார்கள், அதாவது மதிப்பைக் குறைத்துத்தான் வாங்கினார்கள், அவர் மடத்தில் சமையல் தாமதமாயிற்று. நல்ல காசாகக் கொடும் என்று பதிகம் பாடியே வாங்கினார். ஆக, விலைவாசியையும் சாமியிடமே முறையிடலாம்.

எங்கள் வீட்டில் கரண்ட் போகிற இரவுகளில் ஒரே அகல்தான். சாமிக்கும் அதுதான், பேத்தியின் வீட்டுப்பாடத்துக்கும் அதுதான். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்தை எழுதிக்கொண்டிருப்பாள். இதுவரை சாமி ஒன்றும் சொல்லவில்லை. நேர்த்திக்கடனும் காத்திருக்கும்.

கேள்வி: மாண்டலேயில் அக்கா வீடு நிலநடுக்கத்தில் இடிந்துவிட்டது. எல்லாம் முன்வினை என்கிறார் ஒரு சொந்தக்காரர்.

பதில்: முதலில் அவரை வந்து நாலு செங்கல் பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். 2025 மார்ச் 28 அன்று நகர்ந்தது சகாயிங் என்ற நிலப்பிளவு, அளவு 7.7. ரம்ஜான் மாதத்து வெள்ளிக்கிழமை அது. ஜும்மாவுக்கு வந்தவர்கள் மேலேயே பள்ளிவாசல்கள் விழுந்தன. புத்த மடங்களும் தப்பவில்லை. தொழ வந்தவர் கணக்கில் எந்த வினையை எழுதுவார் அவர்? பைபிள் படிக்கிற வேதக்காரர்களிடம் யோபு கதையைக் கேட்டுப் பாருங்கள். யோபு ஆண்டவரிடமே வழக்காடினார். கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது அவரை அல்ல, நீ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கம் சொல்ல வந்த நண்பர்களைத்தான்.

கேள்வி: 2024இல் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்ததும் மகன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். ராத்திரியில் தூக்கமில்லை. எந்தப் பதிகம் படிக்கலாம் ஐயா?

பதில்: கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அப்பர் பாடிய நமச்சிவாயப் பதிகம் படியுங்கள் அம்மா. முழுக்க வராவிட்டால் முதல் பாட்டு போதும். ஆனால் நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். சாயங்காலம் கோயிலுக்கு வாருங்கள், பிள்ளையை அனுப்பிவிட்டு இருக்கிற இன்னும் நாலு அம்மாமார் மடப்பள்ளித் திண்ணையில் பூத் தொடுத்துக்கொண்டிருப்பார்கள். பாடும்போது மகன் போன் செய்தால், பாட்டை அப்படியே நிறுத்திவிட்டுப் பேசுங்கள். சாப்பிட்டானா என்று முதலில் கேளுங்கள்.