சாக்ஸபோனுக்கு எஃபெக்ட் பெட்டி: வாங்குவதற்கு முன் மைக்கைக் கவனியுங்கள்

கேள்வி: மெல்லிசைக் குழுவில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் எடி ஹாரிஸின் 1960-களின் பதிவுகளில், வாசிக்கும் சுரத்துக்கு அடியில் இன்னொரு சாக்ஸபோன் கூடவே வருவது போல ஒரு இரட்டைக் குரல் கேட்கிறதே, அது எனக்கும் வேண்டும். பாடகருக்கான மைக்கை கிட்டார் எஃபெக்ட் பெட்டியில் நேராகச் செருகிப் பார்த்தேன். ஒலி மெலிந்து வருகிறது. ஆக்டேவ், அதாவது வாசிக்கும் சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே சேர்த்துத் தரும் எஃபெக்ட், விட்டுவிட்டுக் கரகரக்கிறது. கொஞ்சம் கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது. வேறு பெட்டி வாங்க வேண்டுமா? நெக்கில் (ஊதும் வாய்ப்பகுதியை அடுத்த வளைந்த குழாய்) துளையிட்டு, உள் ஒலியைப் பிடிக்கும் பிக்-அப் பொருத்தினால் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேறு பெட்டி வேண்டாம். உங்கள் மூன்று தொல்லைகளுக்கும் காரணம், பெட்டிக்குள் போய்ச் சேரும் ஒலி. அது சரியாகப் போனால் இப்போது கையில் இருக்கும் பெட்டியே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஹாரிஸ் காலத்து ஏற்பாட்டைப் பார்த்தால் இது விளங்கும். 1960-களின் நடுவில் செல்மர் நிறுவனம் ‘வேரிடோன்’ என்ற மின் சாக்ஸபோனைக் கொண்டுவந்தது. வாத்தியத்தின் நெக்கில் துளையிட்டு, ஒரு சிறிய பிக்-அப்பைப் பதித்திருப்பார்கள். அங்கிருந்து ஒரு வயர், வாத்தியத்தின் மேலேயே பொருத்திய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வரும். அதில் ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் குரல், நடுங்கும் ட்ரெமலோ, எக்கோ, ஒலியைப் பிரகாசமாக்கவோ மங்கலாக்கவோ உதவும் சுவிட்சுகள் எல்லாம் இருந்தன. கடைசியில் தனி ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். இதையெல்லாம் வடிவமைத்தவர்கள் காது வைத்த இடம் குழாயின் உள்ளே என்பதுதான் நமக்கு முக்கியம்.

கீழ் ஆக்டேவை உண்டாக்கும் சுற்று மிக எளிமையானது. உள்ளே வரும் அலையின் மேல் அதிர்வெண்களை வடிகட்டிவிட்டு, மிஞ்சும் அடிப்படை அதிர்வு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுகிறது. ஒரு ஏற்றத்தில் திறந்து அடுத்த ஏற்றத்தில் மூடும் ஒரு மின்சுவிட்ச் அதைப் பாதியாக்குகிறது. 440 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 220 வெளியே வரும். ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் இதற்குப் புரியும். கிட்டாரில் கார்டு வாசித்தால் குழம்பிப்போகும். சாக்ஸபோன் ஒற்றைச் சுர வாத்தியம் என்பதால் இந்தச் சுற்று அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது.

ஆனால் அடிப்படை அதிர்வு தெளிவாகக் கிடைக்க வேண்டும். குழாயின் உள்ளே அது பலமாக இருக்கும். துளைகள் வழியாகவும் பெல் என்னும் அகன்ற வாய் வழியாகவும் வெளியே வரும் ஒலியிலோ மேல் அதிர்வுகள் தூக்கலாக இருக்கும், அதிலும் கீழ்ச் சுரங்களில். ஆல்ட்டோவின் கடைசிக் கீழ்ச் சுரத்தை ஊதிப் பாருங்கள். அதன் அடிப்படை சுமார் 139 ஹெர்ட்ஸ். வெளியே நிற்கும் மைக்குக்கு அதைவிட அதன் மடங்குகள்தான் உரக்கக் கேட்கும். சுற்று எதை எண்ணுவது என்று தெரியாமல் இங்கும் அங்கும் தாவுகிறது. நீங்கள் கேட்ட கரகரப்பு அதுதான். சரியாக எண்ணினாலும் அதன் பாதியான 69 ஹெர்ட்ஸைச் சிறிய ஸ்பீக்கரால் ஒழுங்காகத் தர முடியாது. அதனால் ஆக்டேவ் எஃபெக்டைக் கீழ்ச் சுரங்களில் அணைத்துவிடுங்கள். வாத்தியத்தின் ஆக்டேவ் கீயை அழுத்தி வாசிக்கும் மேல் சுரங்களில் போடுங்கள். அங்கே அடிப்படை பலமாக இருக்கும். கீழே பிறக்கும் குரலும் ஆல்ட்டோவின் இயல்பான எல்லைக்குள் விழுவதால் காதுக்கு இரண்டு சாக்ஸபோன்களாகவே படும்.

இனி மைக். சாதாரண டைனமிக் மைக் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. கிட்டார் பெட்டி எதிர்பார்ப்பது அதைப்போலப் பல மடங்கு. மெலிந்த ஒலிக்கு இதுதான் காரணம். மைக்கை முதலில் மிக்சரில் செருகி அங்கே பலப்படுத்துங்கள். அந்தச் சேனலின் ஒலியில் ஒரு பங்கைப் பிரித்து வெளியே அனுப்பும் ஆக்ஸ் சென்டிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து இன்னொரு சேனலுக்கும் வயர் கொடுங்கள். ஆக்ஸ் குமிழை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள், ஏனென்றால் மிக்சரின் வெளியீடு கிட்டார் பெட்டிக்கு அளவுக்கு மீறி உரக்க இருக்கும், முழுதாகத் திறந்தால் ஒலி உடையும். கையில் பணம் இருந்தால் இந்த அளவைக் குறைத்துத் தரும் ரீஆம்ப் பெட்டி ஒன்றை இடையில் வையுங்கள். திரும்பி வரும் சேனலில் அதே ஆக்ஸ் குமிழ் முழுக்க மூடியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். திறந்திருந்தால் ஒலி பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்து, மைக்கை அணைத்தாலும் ஊளை நிற்காது. மேடையில் பலரும் மைக்கைத் திட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரு குமிழுக்காகத்தான்.

இந்த முறையில் உங்கள் இயல்பான ஒலி ஒரு ஃபேடரிலும் (சேனலின் அளவை ஏற்றி இறக்கும் நழுவு குமிழ்), எஃபெக்ட் இன்னொன்றிலும் தனித்தனியாக இருக்கும். பெட்டியில் கலவையை முழுக்க எஃபெக்ட் பக்கம் திருப்பிவிட்டு, எவ்வளவு கலப்பது என்பதை ஃபேடரில் முடிவு செய்யுங்கள். ஹாரிஸ் பதிவுகளில் அசல் சாக்ஸபோன் எப்போதும் முன்னால் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஹாரிஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதே வேரிடோனை 1966-லேயே சோனி ஸ்டிட் ‘வாட்ஸ் நியூ’ பதிவில் வாசித்துவிட்டார். லூ டொனால்ட்சனும் வாசித்தார். ஸ்டிட் அடுக்கடுக்காக வேகமாகப் பொழிகிறவர். அந்த வேகத்துக்கு அடியில் ஒரு கீழ்க்குரலும் ஓடும்போது, அவருடைய வாக்கியங்களின் கூர்மை மழுங்குகிறது என்பது என் அபிப்பிராயம். சிகாகோவின் ஹாரிஸ் வேறு வழியில் போனார். 1967-ல் பதிவான ‘தி எலெக்ட்ரிஃபையிங் எடி ஹாரிஸ்’ ஆல்பத்தில் ‘லிஸன் ஹியர்’ கேளுங்கள். தாளம் நிதானமாக உருள்கிறது. அவர் இரண்டு மூன்று சுரங்களைத் துண்டாக வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அந்த இடைவெளியில்தான் எஃபெக்டின் நிறம் நம் காதில் பதிகிறது. கருவிக்கு ஏற்ப வாசிப்பை மாற்றிக்கொண்டார், அதனால்தான் அறுபது வருடம் கழித்தும் நீங்கள் அதைத் தேடுகிறீர்கள். பெட்டியின் எந்தக் குமிழைத் திருப்பினாலும் இந்த நிதானம் வராது. நாக்கால் சுரத்தைச் சுத்தமாகத் தொடங்கி, ஒன்று முடிந்த பின் அடுத்ததுக்குப் போகும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். சுற்றுக்கும் அதுவே பிடிக்கும்.

பின்னாளில் வாங்குவதானால், பல சுரங்களைக் கையாளும் நவீன டிஜிட்டல் ஆக்டேவ் வேண்டாம். அது பிழையில்லாமல் பின்தொடரும், ஆனால் அந்தக் காலத்து முரட்டு ஒலி அதில் இல்லை. 1982-ல் வந்த பாஸ் ஓசி-2 போன்ற ஒற்றைச் சுர அனலாக் வகையைத் தேடுங்கள். எஃபெக்டுகளின் வரிசையில் ஆக்டேவ்தான் முதலில் வர வேண்டும். எக்கோ கடைசி.

எக்கோவுக்கு ஜான் கிளெம்மரைக் கேளுங்கள். 1970-களில் ‘எக்கோபிளெக்ஸ்’ என்ற டேப் எக்கோ வழியாக டெனர் வாசித்தவர். உள்ளே சுழலும் டேப்பில் ஒலி பதிவாகிச் சற்றுத் தள்ளித் திரும்ப ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும், கொஞ்சம் அசையும். உங்கள் பெட்டியில் ‘டேப் எக்கோ’ என்ற அமைப்பு இருந்தால் அதையே எடுங்கள். நேரத்தைத் தாளத்தோடு கட்டிவிடுங்கள்: 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வந்துவிடும். டெம்போ 100 என்றால் 600. திரும்ப ஒலிப்பது இரண்டு மூன்று முறைக்கு மேல் போனால் மேடையில் சகதியாகிவிடும்.

மிதிக்க மிதிக்க ஒலியை ‘வா-வா’ என்று திறந்து மூடும் வா-வா பெடல் 1967-ல் ட்ரம்பெட் கலைஞர் கிளைடு மெக்காயின் பெயரைத் தாங்கித்தான் கடைக்கு வந்தது. ஆகவே ஊது வாத்தியத்துக்கு அது அந்நியமானதல்ல. சாக்ஸபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கரும் ட்ரம்பெட் கலைஞர் ராண்டி பிரெக்கரும் 1978-ன் ‘ஹெவி மெட்டல் பீ-பாப்’ பதிவில் எஃபெக்டுகளை எந்த எல்லைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலால் மிதிப்பதைவிட, ஊதும் பலத்துக்கு ஏற்பத் தானே திறந்து மூடும் என்வலப் ஃபில்டர் சாக்ஸபோனுக்கு இன்னும் இசைவானது. வா-வாவையும் ஃபில்டரையும் மட்டும் ஆக்ஸில் போடாதீர்கள். அசல் ஒலி பக்கத்திலேயே கேட்டால் அவற்றின் வேலை தெரியாது. முழு ஒலியும் பெட்டி வழியாகவே போய்வரச் செய்யும், சேனலின் இன்சர்ட் துளையைப் பயன்படுத்துங்கள்.

ஊளைக்கு மருந்து, பெல்லில் கவ்வும் கிளிப் மைக். வாத்தியத்துக்கு அருகிலேயே இருப்பதால் குறைந்த கெயினில் போதிய ஒலி கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை கண்டென்சர் வகை. அவை இயங்கத் தேவையான 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் மைக் வயர் வழியாக மிக்சரிலிருந்து வர வேண்டும், கிட்டார் பெட்டியால் அதைத் தர முடியாது. மானிட்டர் ஸ்பீக்கரைப் பெல் பார்க்கும் திசையிலிருந்து விலக்கி வையுங்கள்.

நெக்கில் துளை போட வேண்டாம். உள்ளே பிக்-அப் வைத்தால் ஆக்டேவ் உறுதியாகப் பின்தொடரும், ஊளையும் குறையும், உங்கள் நண்பர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் குழாயின் உள் ஒலி மந்தமானது, வெளியே நாம் கேட்டுப் பழகிய சாக்ஸபோன் அங்கே இல்லை. மேடையில் எப்படியும் வெளி மைக் ஒன்றைக் கூடச் சேர்க்க வேண்டிவரும். மூச்சின் ஈரமும் எச்சிலும் அங்கேதான் படியும். வாத்தியத்தை விற்கப் போனால் துளையுள்ள நெக்குக்கு விலையும் குறையும். கிளிப் மைக்கோடு சில மாதம் வாசித்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால், உங்கள் ஆல்ட்டோவுக்குப் பொருந்தும் விலை குறைந்த இரண்டாவது நெக் ஒன்றை வாங்கி, பித்தளை வேலை தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்து அதில் துளையிடச் சொல்லுங்கள்.