வீட்டுத்தோட்டம் கேள்வி–பதில்: புளிக்கவைத்த பசளையும் மலையகக் குளிரும்

இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு 2021 மே மாதத்தில் விதிக்கப்பட்ட தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோதிலும், பசளை மூடையின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. லயத்துக்குப் பின்னால் நான்கு பாத்தி மரக்கறி போடுகிறவர்கள் பலர் அதன் பிறகுதான் வாளியும் சீனியுமாகத் தழைகளைப் புளிக்கவைக்கத் தொடங்கினார்கள் என்பது எமக்கு வரும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றில் பார்த்தபடி, சௌசௌ கொடியின் தளிரை நறுக்கி, அதன் நிறைக்குச் சமமாகச் சிவப்புச் சீனி கலந்து வாளியில் வைத்தேன். ஏழு நாளில் தயாராகிவிடும் என்றார்கள். ஒன்பதாம் நாளும் நுரை இல்லை, புளித்த வாசமும் இல்லை. எங்கே பிழை விட்டேன், ஐயா?
— வாசகி ஒருவர், ராகலை

நீங்கள் பிழை விடவில்லை. காணொளி எடுத்தவரின் ஊர்ச் சூடும் ராகலையின் குளிரும் ஒன்றல்ல என்பதுதான் காரணம். வாளிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலில், உப்பிட்ட மாங்காய் நீர் விடுவதுபோல, சீனி பட்ட தளிர் தன் சாற்றை வெளியே விடுகிறது. இதற்குக் குளிர் பெரிய தடையல்ல, இரண்டு மூன்று நாளில் வாளியின் அடியில் சாறு தேங்கியிருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். பின்னர், தளிரின் மேல் இயல்பாகவே ஒட்டியிருக்கும் மதுவங்களும் (ஈஸ்ட்) பற்றீரியாக்களும் அந்தச் சாற்றிலுள்ள சீனியை உண்டு பெருகி, அமிலத்தையும் காபனீரொட்சைட்டையும் உண்டாக்குகின்றன. இந்த இரண்டாவது வேலை முழுக்க முழுக்க வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலை 10 பாகை இறங்கினால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே 30 பாகைச் சூட்டில் ஒரு வாரத்தில் முடியும் வேலைக்கு, ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் நிற்கும் நுவரெலியாப் பக்கத்தில் இரண்டரை முதல் மூன்று வாரம் வேண்டும். சனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் நாட்களில் இன்னும் கூடும்.

வாளியைக் குசினிக்குள் எடுத்து, விறகடுப்புக்கு அருகே, சுவரைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும் இடத்தில் வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும். வாயை இறுக மூடாமல் பழைய சேலைத் துணியால் கட்டுங்கள். இனிப்பும் புளிப்பும் கலந்த வாசம் வந்து, தளிர் பச்சை நிறம் மங்கி மேலே மிதந்தால் வடித்தெடுக்கலாம். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் அஞ்ச வேண்டாம். கறுப்பாகவோ பச்சையாகவோ மயிர் முளைத்ததுபோலப் பூஞ்சணம் படர்ந்தால் அதைக் கூட்டெருக் குழியில் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

சீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த முறையை உலகறியச் செய்த கொரிய விவசாயி சோ ஹான் கியூவின் வழியில் தளிருக்குச் சமமாகச் சீனி போடுவது வழக்கம். தளிர் இரண்டு பங்கு, சீனி ஒரு பங்கு என்று குறைத்தாலும் புளிக்கும். அதற்கும் கீழே போனால் அழுகிவிடும். கித்துள் கருப்பட்டி போட்டுச் செய்ததாக இன்னொரு வாசகர் பெருமையோடு எழுதியிருக்கிறார். கித்துள் கருப்பட்டியைப் பிளேன்டீயோடு கடித்துக்கொள்வதே அதற்குச் செய்யும் மரியாதை.

நான் போத்தலில் ஊற்றி மூடி வைத்தேன். இரவில் மூடி பறந்து கூரைத் தகரத்தில் அடித்தது. வாசத்தைப் பிடித்துப் பக்கத்துக் காம்பராக்காரர்களும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இது ஆபத்தானதா?
— வாசகர், தலவாக்கலை

மூடி மட்டும் பறந்தது நல்ல காலம். என் வீட்டில் முதல் தடவை செய்தபோது கண்ணாடிப் போத்தலையே பயன்படுத்தினேன். விடியற்காலையில் அது வெடித்து, அரிசிப் பானைக்குள்ளும் கண்ணாடித் துண்டு கிடந்தது. அன்று முதல் கண்ணாடியை இந்த வேலைக்குத் தொடுவதில்லை. வடித்த பின்னரும் புளிப்பது நின்றுவிடுவதில்லை என்பதால், பிளாஸ்ரிக் போத்தலில் முக்கால் பங்கு ஊற்றி, மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தியே வைக்க வேண்டும்.

அயலவர் பார்வைக்குக் காரணம் இருக்கிறது. சீனியும் மதுவமும் சேர்ந்தால் முதலில் வருவது மதுசாரம். கசிப்புக்குப் போடும் கோடாவின் வாசமும் இதுவும் ஆரம்ப நாட்களில் ஒன்றுபோலவே இருக்கும். வாளியைத் திறந்து இலையைக் காட்டிவிடுவது நல்லது. பிள்ளைகள் எட்டாத உயரத்தில் வைத்து, போத்தலில் "பசளை" என்று எழுதி ஒட்டவும் மறக்க வேண்டாம். நிறத்தில் அது கித்துள் பாணியைப் போலவே இருக்கும்.

இனி இரசாயனப் பசளையும் வேண்டாம், எருவும் வேண்டாம், காட்டுச் சூரியகாந்தித் தழைச் சாறு ஒன்றே போதும் என்று முடிவு செய்து, இரண்டு மாதமாகப் போஞ்சிக்கு அதையே ஊற்றுகிறேன். ஒரு லீற்றருக்கு 500 லீற்றர் தண்ணீர் என்ற கணக்குத்தான். இலைகள் மஞ்சளாகின்றன, காயும் குறைவு. சாற்றின் அளவைக் கூட்டலாமா?
— தோட்டத் தொழிலாளி ஒருவர், ஹட்டன்

கூட்ட வேண்டாம். முதலில் என்னோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டுச் சூரியகாந்தித் தழை பசளைக்குப் பேர்போனது; காய்ந்த தழையில் நைதரசன் 3.5 வீதம் அளவிலும் பொற்றாசியம் 4 வீதம் அளவிலும் இருக்கும். ஆனால் பச்சைத் தழை ஒரு கிலோவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தண்ணீர். அது காய்ந்தால் மிஞ்சுவது கூடிப்போனால் 200 கிராம், அதில் நைதரசன் 7 கிராம். யூரியாவில் நைதரசன் 46 வீதம் என்பதால், இந்த 7 கிராமும் 15 கிராம் யூரியாவுக்குச் சமம், அதாவது ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி. அந்த ஒரு கிலோத் தழையிலிருந்து உங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு லீற்றர் சாறு. தழையிலிருந்த நைதரசன் முழுவதும் சாற்றில் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் (உண்மையில் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும்), அந்தச் சாற்றை 500 லீற்றர் தண்ணீரில் கலந்து, 10 லீற்றர் பூவாளியால் ஊற்றும்போது ஒரு பூவாளிக்கு வருவது கிராமில் ஏழில் ஒரு பங்கு. ஒரு சிட்டிகை யூரியாவை ஒரு பாத்திக்குப் போட்டுவிட்டுப் போஞ்சி காய்க்கவில்லை என்று யாரும் வியப்படைய மாட்டார்கள்.

சாற்றைத் தடிப்பாக ஊற்றினால் சத்துக் கூடுவதற்கு முன்னரே அமிலமும் சீனியும் வேரைச் சுடும், எறும்பும் கூடும். புளிக்கவைத்தால் சத்துப் பெருகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தழையில் இல்லாத நைதரசனை எந்தப் பற்றீரியாவாலும் சீனியிலிருந்து உண்டாக்க முடியாது. இந்தச் சாறு ஊறுகாய் போன்றது. சோற்றோடு தொட்டுக்கொண்டால் ருசி, ஊறுகாயையே சோறாக உண்ண முடியாது. உங்கள் பாத்திக்குச் சோறு கூட்டெருவும் சாணமும் மண்ணில் புதைத்த தழையும்தான்.

அதே காட்டுச் சூரியகாந்தியைச் சீனிச் செலவில்லாமல் பயன்படுத்தும் வழியும் உண்டு. பூக்கும் முன்னர் இளந்தண்டோடு வெட்டி, கையளவு துண்டுகளாக நறுக்கி, இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சாண் ஆழத்தில் கானுப்போல வெட்டிப் புதைத்து மண்ணை மூடுங்கள். இதன் தழை வெகு விரைவில் மக்கக்கூடியது. சில வாரங்களில் தோண்டிப் பார்த்தால் கறுத்த நரம்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒரு கிலோத் தழையின் 7 கிராமும் அப்படியே மண்ணுக்கு வந்துவிடும். பத்துக் கிலோ வெட்டிவருவதற்கு வீதியோரத்தில் அரை மணி நேரம் போதும்.

அப்படியானால் சாறே வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் ஒரு வாளி வைத்திருக்கிறேன். தவறணையிலிருக்கும் நாற்றுக்கும், நட்டு வேர் பிடிக்காமல் வாடி நிற்கும் கன்றுக்கும், ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிலீற்றர் அளவில் வாரம் ஒருமுறை ஊற்றுகிறேன்; கரைந்த நிலையில் இருக்கும் சிறு சத்தை அவை உடனே எடுத்துக்கொள்ளும். வடித்த சக்கையைக் கூட்டெருக் குவியலில் இடுகிறேன். அதற்கு மேல் அதனிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

உங்கள் போஞ்சி மஞ்சளாவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகளவு உருண்டைகள் வேரில் ஒட்டியிருந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், செடி காற்றிலிருந்து நைதரசனைத் தானே ஓரளவு பெறுகிறது என்று பொருள். உருண்டையே இல்லையென்றால், மண் புளித்திருக்கிறதா (அதாவது அமிலம் கூடியிருக்கிறதா), பாத்தியில் தண்ணீர் தேங்குகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கடைசியில் வரும் வெலிமடைக் கடிதத்துக்கான பதிலையும் சேர்த்து வாசியுங்கள்.

சந்தையில் மீன் வெட்டும் இடத்தில் குடலும் செதிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. மீன் அமிலம் செய்யலாமா? கிடைக்காத நாட்களில் நெத்தலிக் கருவாட்டைப் போடலாமா?
— வாசகர், மஸ்கெலியா

செய்யலாம், தழைச் சாற்றைவிடச் சத்தும் இதில் கூடுதல். ஒரு கிலோ மீன் கழிவில் 20 கிராம் வரை நைதரசன் இருக்கும். சம அளவு சீனி சேர்த்துப் புதைத்துவைப்பது போல இறுக்கமாக அடுக்கி, குளிர்ப் பகுதியில் இரண்டு முதல் மூன்று மாதம் விட்டு, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிலீற்றர் கலந்து வேரடியில் ஊற்றுங்கள். மீன் அமிலம் என்று பெயர் நிலைத்துவிட்டாலும், வேலை செய்வது அமிலமல்ல, உடைந்து கரைந்த மீன் புரதம். வாளியின் மேல் கல் ஏற்றுங்கள். லயத்து நாய்களும் காட்டுப் பன்றிகளும் வாசம் பிடித்து வந்து பாத்தியையும் உழுதுவிடும்.

கருவாடு வேண்டவே வேண்டாம். உப்பு நொதித்தலையும் தடுக்கும், மண்ணையும் கெடுக்கும்.

முட்டைக்கோதை வினாகிரியில் கரைத்துத் தக்காளிக்குத் தெளித்தால் காயின் அடிப்பகுதி கறுப்பது நிற்குமா?
— வாசகி, தலவாக்கலை

கோது வினாகிரியில் கரையும்போது கல்சியம் வெளிவருவது உண்மை. ஆனால் இலையில் தெளிக்கும் கல்சியம் காய்க்குப் போய்ச் சேர்வது மிகவும் குறைவு. காய் கறுப்பது பெரும்பாலும் ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் நனைந்தும் வேர் தடுமாறுவதால்தான். செடியடியில் மானாப் புல்லைப் பரப்பி, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பாருங்கள். கோதை இடித்துக் கூட்டெருவில் சேர்த்துவிடுங்கள். வினாகிரி ஊறுகாய்க்கு உதவும்.

சாணம், கோமூத்திரம், கருப்பட்டி, பயற்றம்மா சேர்த்து ஜீவாமிர்தம் செய்து, சலாது இலைக்கும் கொத்தமல்லிக்கும் மேலால் தெளித்து வருகிறேன். பயிர் நன்றாக இருக்கிறது. தொடரலாமா?
— இளம் விவசாயி, பண்டாரவளை

இந்திய இயற்கை விவசாயி சுபாஷ் பாலேக்கர் சொல்லும் ஜீவாமிர்தத்தில் 200 லீற்றர் தண்ணீருக்கு 10 கிலோ சாணமும் 2 கிலோ கருப்பட்டியும் 2 கிலோ பயறு மாவும் சேர்கின்றன. மண்ணுக்கு அது நல்லது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. மேலால் தெளிப்பதில்தான் மாறுபாடு. சாணத்தில் மனிதரை நோயாளியாக்கும் பற்றீரியாக்களும் இருக்கக்கூடும். நல்லவை பெருகட்டும் என்று நாம் போடும் இனிப்பு, கெட்டவற்றையும் சேர்த்தே பெருக்குகிறது. தழைச் சாறு நன்றாகப் புளித்து அமிலமாகிவிடுவதால் அதில் இந்தப் பயம் குறைவு. இரண்டு நாளில் எடுத்துவிடும் சாணக் கரைசலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சலாதும் கொத்தமல்லியும் பச்சையாகவே வாய்க்குப் போகிறவை. ஆகவே நடுவதற்கு முன்னர் பாத்தி மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள், இலையில் படவிடாதீர்கள். கத்தரி, போஞ்சி போன்று சமைத்து உண்பவற்றுக்கு வேரடியில் ஊற்றலாம்.

மலையகத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. பின்னேரம் மூடுபனி இறங்கும் இடத்தில் இலையை நனைத்துவிட்டால் அது விடியும்வரை காயாது. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் அழிக்கும் பிந்திய வெளிறல் நோய்க்கு அந்த ஈரமே போதும். எதைத் தெளிப்பதாக இருந்தாலும் காலையில், வெயில் வரும் என்று தெரிந்த நாளில் தெளியுங்கள்.

கோவா நாற்று பகலில் வாடுகிறது, இரவில் தெளிகிறது. பிடுங்கினால் வேர் விரல் விரலாக வீங்கியிருக்கிறது. தழைச் சாற்றோடு அடுப்புச் சாம்பலையும் கலந்து ஊற்றினால் குணமாகுமா?
— வாசகர், வெலிமடை

வீங்கிய வேர் எந்தச் சாற்றுக்கும் திரும்பாது. அது மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் ஒரு கிருமியின் வேலை. புளித்த மண்ணில் அது செழிக்கும். தேயிலை நின்ற மண்ணின் பீ.எச். (புளிப்பைக் காட்டும் எண்; அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) பொதுவாக 4.5 முதல் 5.5 வரை; தேயிலைக்கு அது பொருந்தும், கோவாவுக்கு 6.5க்குக் கிட்ட வேண்டும். வீங்கிய செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், கூட்டெருவில் போட வேண்டாம். மண்ணைப் பரிசோதித்து, அதற்கேற்பப் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூள் இட்டுக் கொத்திவிட்டு, அந்தப் பாத்தியில் சில ஆண்டுகளுக்குக் கோவா, நோக்கோல், ராபு எதையும் நடாமல் லீக்ஸோ போஞ்சியோ போடுங்கள். அளவு தெரியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

சாம்பலைச் சாற்றில் கலக்க வேண்டாம். சாம்பலின் காரம் சாற்றின் அமிலத்தை முறித்துவிடும், சாறு சில நாளில் நாறத் தொடங்கும். கோமூத்திரத்தோடு கலந்தால் இன்னும் நட்டம். கண்ணை எரிக்கும் வாசமாக நைதரசன்தான் பறந்துபோகிறது. சாம்பலைத் தனியாக, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி வீதம் காய்ந்த மண்ணில் தூவிக் கிளறுங்கள். பிளாஸ்ரிக் எரித்த அடுப்புச் சாம்பலாக இருந்தால் அதையும் தூவாதீர்கள்.