ஒரு விதையில் மூன்று முளை

சென்ற தடவை கரும்பு இனங்களைப் பற்றி எழுதியபோது, உலகச் சீனியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரும்பிலிருந்து வருவதில்லை, சுகர்பீட் என்ற கிழங்கிலிருந்து வருகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். சிலர் அதை வற்றாளங்கிழங்கு என்று நினைத்துவிட்டார்கள். அது இல்லை. நாம் கறி வைக்கும் பீட்ரூட்டின் கூடப்பிறந்தது. வெள்ளை நிறம், கூம்பு வடிவம், ஒரு கிலோ அளவில் பாரம். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம்தான்.

மாடியில் பூச்சட்டி வைத்து பீட்ரூட் விதை போட்டேன். ஒரு விதை போட்ட இடத்தில் மூன்று கன்று வந்திருக்கிறது. கடைக்காரர் ஏதும் கலப்படம் செய்துவிட்டாரா? (தெஹிவளை வாசகி)

கடைக்காரரைத் திட்டாதீர்கள் அம்மா, பாவம். நீங்கள் விதை என்று போட்டது உண்மையில் ஒரு விதையே இல்லை. பீட்டில் இரண்டு மூன்று பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்து, ஒரே கொட்டையாகிவிடும். உள்ளே ஒவ்வொரு பூவுக்கும் ஒரு விதை. அதனால்தான் மூன்று முளை. நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் இருக்கிற கன்றின் வேரும் ஆடிப்போகும்.

உங்கள் பூச்சட்டியில் இது இரண்டு நிமிட வேலை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் சுகர்பீட் போட்டவர்களுக்கு இதுதான் பெரிய தலையிடியாக இருந்தது. கன்று முளைத்ததும் கூலியாட்கள் வரிசை வரிசையாகக் குனிந்தும் முழந்தாளிட்டும், கொத்தாக நின்றவற்றை ஒவ்வொன்றாகக் கலைக்க வேண்டும். இயந்திரத்தால் விதைத்தாலும் கலைப்பதற்கு ஆள் வேண்டும். உக்ரேனில் இருந்து அமெரிக்கா போன சவிட்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர், 1948இல் ஒரிகன் மாநிலத்து விதை வயல்களில் செடி செடியாகத் தேடி, ஒற்றைப் பூவாகவே பூக்கும் ஒரு சில செடிகளைக் கண்டுபிடித்தார். இன்று உலகில் விதைக்கப்படும் ஒற்றை முளை சுகர்பீட் இனங்களில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் அந்த ஒரு சில செடிகள்தான். பயிர் இனவிருத்தி என்றால் ஆய்வுகூடமும் வெள்ளைக் கோட்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை இது. வெயிலில் நடந்து, கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தது.

மொனராகலைப் பக்கம் 40 ஏக்கர் காணி இருக்கிறது. ஜேர்மனியிலிருந்து சுகர்பீட் விதை இறக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கரும்பைவிடச் சீக்கிரம் விளையுமாம். இறங்கலாமா? (கொட்டாஞ்சேனை வர்த்தகர்)

விதையில் இருந்து தொடங்குவோம், அதுதான் இதில் சின்னச் செலவு. சுகர்பீட் விதை களிமண் பூச்சுப் பூசி, குளிகை மாதிரி உருட்டி, நிறம் போட்டு வரும். ஒரு பெட்டியில் ஒரு லட்சம் விதை என்று கணக்கு. ஒரு ஹெக்டேயருக்கு ஒரு பெட்டியும் கொஞ்சமும் போகும். உங்கள் 40 ஏக்கர் 16 ஹெக்டேயர். இருபது பெட்டி போதும். பூச்சில் பெரும்பாலும் பங்கசு நாசினி இருக்கும், ஆகவே நிறத்தைப் பார்த்து மிட்டாய் என்று பிள்ளைகள் எடுத்துவிடாமல் பார்க்க வேண்டும்.

சரி, விதை வந்துவிட்டது, நன்றாக விளைந்தும்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மேற்கு ஐரோப்பிய விளைச்சலையே எடுத்தாலும், அதாவது ஹெக்டேயருக்கு 75 தொன் என்றாலும், உங்களுக்குக் கிடைப்பது 1,200 தொன் அளவுதான். அங்குள்ள பெரிய ஆலை ஒன்று ஒரு நாளில் 10,000 தொன்னுக்கு மேல் கிழங்கு சீவும். உங்கள் முழு அறுவடையும் அதற்கு மூன்று மணி நேர வேலைகூட இல்லை.

பக்கத்தில் பெல்வத்தவும் செவனகலவும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். அவை கரும்பு பிழியும் ஆலைகள். பீட்டைப் பிழிவதில்லை. மெல்லிய கீற்றாகச் சீவி, 70 பாகை அளவு சுடுநீரில் ஊறவைத்துச் சீனியை இறக்குகிறார்கள். முன்பகுதி இயந்திரமே வேறு. இன்னொன்று: கரும்பாலை தன் சக்கையையே எரித்துக் கொதிகலனை ஓட்டும். பீட் சக்கை ஈரச் சக்கை, மாட்டுக்குத்தான் போடலாம். எரிபொருளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் இனம். ஜேர்மனியில் முதலிடத்தில் நிற்கும் இனம், மார்ச், ஏப்ரலில் விதைத்து, நீண்ட கோடைப் பகலில் இலை விரித்து, இலையுதிர்காலக் குளிரில் சீனி சேர்க்கப் பழக்கப்பட்டது. இரவும் சூடாக இருக்கும் இடத்தில் செடி தான் சேர்த்த சீனியைத் தானே எரித்துக்கொள்ளும். வெப்பநாட்டுக்கென்று உருவாக்கிய இனங்களும் இருக்கின்றன. அவற்றைத் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிராவிலும் 2000களில் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து, ஆறு மாதத்தில் விளையும், கரும்பைவிட நீர் குறைவு என்பதெல்லாம் உண்மை. ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில் ஸ்கிளெரோசியம் என்ற பங்கசு கிழங்கை அடியிலிருந்து அழுகவைக்கும். பிடுங்கிய கிழங்கு ஐரோப்பாவில் வயலோரம் குவியலாகக் கிடக்கும், குளிர் அதைக் காக்கும். மொனராகலை வெயிலில் அப்படி விட முடியாது.

விதை இறக்கவும் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் (1999, 35ஆம் இலக்கம்) அனுமதி எடுக்க வேண்டும். கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் சேவையில் முதலில் விசாரியுங்கள். பையில் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மண்ணோடு வரும் பீட் வைரஸ் ஒன்று நுழைந்தால், நுவரெலியா பீட்ரூட்காரர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

என் கருத்தைக் கேட்டால், அந்த 40 ஏக்கரில் கரும்பையே போடுங்கள். உடவளவ கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் இனம் கேளுங்கள். இந்த நாட்டில் நெடுங்காலம் ஓடிய கோ 775 கூடக் கோயம்புத்தூரிலிருந்து வந்ததுதான். வேறு ஊர் இனம் வரக்கூடாது என்பதல்ல என் வாதம். அது கரும்புக்கேற்ற காலநிலையிலிருந்து கரும்புக்கேற்ற காலநிலைக்கு வந்தது, எடுத்து அரைக்க ஆலையும் இருந்தது.

லண்டனில் இருக்கும் என் தம்பியின் அயலவர் பீட் விவசாயி. வருஷா வருஷம் புது விதை வாங்குகிறாராம். நம் கமக்காரர் விதைநெல் எடுத்து வைப்பதுபோல ஏன் செய்யக்கூடாது? (பம்பலப்பிட்டி)

எடுத்து வைக்க அவருக்கு விதையே கிடைக்காது. பீட் இரண்டாண்டுப் பயிர். முதல் ஆண்டு கிழங்கு. அதைப் பிடுங்காமல் குளிர்காலம் முழுக்க விட்டால்தான் மறு ஆண்டு பூத்தண்டு எறிந்து பூக்கும். விவசாயி கிழங்கைப் பிடுங்கி ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்.

விட்டுவைத்துப் பூத்தாலும் பயனில்லை, ஏனென்றால் அவர் போட்டது கலப்பினம். கலப்பினம் செய்ய ஒரு செடி தாயாக மட்டும், இன்னொன்று தந்தையாக மட்டும் நிற்க வேண்டும். பீட் பூவோ மிகச் சிறியது, ஒவ்வொன்றாக மகரந்தப் பையைக் கிள்ளுவது நடக்காத காரியம். 1940களில் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியில் ஓவன் என்பவர், மகரந்தமே உண்டாகாத பீட் செடிகளைக் கண்டு, அந்த மலட்டுத்தன்மை தாய்வழியாக, கலத்தின் குழியவுரு மூலம் கடத்தப்படுவதைக் காட்டினார். அதற்குப் பிறகு வழி திறந்தது. விதை வயலில் மலட்டுத் தாய்ச் செடிகள் சில வரிசை, பக்கத்தில் தந்தைச் செடிகள் சில வரிசை. காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் தந்தை வரிசைகளை வெட்டி அழித்துவிடுவார்கள், அவற்றின் விதை கலந்துவிடக் கூடாதல்லவா.

முதல் கேள்வி கேட்ட வாசகிக்கு இங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஒற்றை முளைக் குணம் தாய்ச் செடிக்கு இருந்தால் போதும். கொட்டையின் அமைப்பு தாயின் உடம்பு. தந்தை பல முளைக்காரனாக இருந்தாலும் விவசாயிக்குப் போகும் விதை ஒற்றை முளைதான். ஆகவே தாய் வரிசையில் மலட்டுத்தன்மையும் ஒற்றை முளையும், தந்தை வரிசையில் சீனியும் நோய் எதிர்ப்பும் என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். இப்படி ஒரு நல்ல சோடியைப் பொருத்தி, பல இடங்களில் சோதித்து, சந்தைக்குக் கொண்டுவரப் பத்தாண்டு போய்விடும்.

அப்படியென்றால் நுவரெலியாவில் குளிர்தானே, அங்கே பீட் விதை எடுக்கலாமா? (வத்தளை)

எடுப்பது கடினம். நமக்குக் குளிர், பீட்டுக்கு அது போதாது. பூக்கும் எண்ணம் வர அதற்கு ஐந்து, ஆறு பாகைக் குளிர் வாரக்கணக்காக வேண்டும். பிறகு நீண்ட பகலும் வேண்டும். நுவரெலியாவின் சராசரி 16 பாகை அளவு, சில ஜனவரி இரவுகளில் உறைபனி விழுவதோடு சரி. பகலும் ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றியேதான். தென்மேற்கு பிரான்ஸ், வட இத்தாலி, ஒரிகன் என்று உலகின் பீட் விதை ஒரு சில இடங்களிலேயே விளைவதற்குக் காரணம், அங்கே செடியைக் கொல்லாத அளவு குளிரும், விதை காயும்போது மழையில்லாத கோடையும் இருப்பதுதான்.

சுகர்பீட்டுக்கு ஏன் வெள்ளை நிறம்?

சிவப்பைப் பாகிலிருந்து நீக்க ஆலைக்குச் செலவு. 1747இல் பெர்லினில் மார்கிராஃப் என்பவர் பீட்டிலிருந்து சீனியைப் பிரித்தெடுத்தார். அவருடைய மாணவர் அகார்ட் பல நிறப் பீட்டுகளை வளர்த்துப் பார்த்து, சைலீசியாவின் வெள்ளைப் பீட்டைத் தேர்ந்தார். இன்றைய இனங்கள் எல்லாம் அதன் வழி.

விதை நிறுவனங்கள் ஒவ்வொரு வருஷமும் புது இனம் என்று விளம்பரம் செய்வது வியாபார தந்திரமா? (நான்காம் குறுக்குத் தெருச் சீனி வியாபாரி)

கொஞ்சம் வியாபாரம்தான், மறுக்கமாட்டேன். பட்டியலில் ஓர் இனத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் பல தடவை ஒன்றிரண்டு வீதம்தான். ஆனால் நோய் சும்மா இருப்பதில்லை. ரைசோமேனியா என்று ஒரு வைரஸ் நோய். பெயரின் பொருளே வேர்ப் பைத்தியம். கிழங்கு பருக்காமல் தாடி மாதிரி சல்லிவேராகவே வளரும். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் அந்த வைரஸைப் பல ஆண்டுகள் சுமக்கும். ஒரு தடவை வயலுக்குள் வந்தால் மருந்து தெளித்து விரட்ட முடியாது. 1980களில் அமெரிக்காவின் ஹோலி சீனிக் கம்பனியின் பீட் வரிசையில் எதிர்ப்பு மரபணு ஒன்று கிடைத்தது. அதை வைத்துத்தான் பல நாடுகளில் பீட்டே தப்பியது. பிறகு அந்த மரபணுவையும் தாண்டும் வைரஸ் வகைகள் வந்தன. இரண்டாவது மரபணுவை டென்மார்க் கடற்கரையில் தானாக வளரும் காட்டு பீட்டில் கண்டுபிடித்தார்கள். யாரும் சீண்டாத அந்தக் களைச்செடியின் விதையை யாரோ ஒருவர் சேகரித்து வைத்திருந்ததால் வந்த பலன்.

2020இல் பிரான்ஸில் அசுவினி பரப்பும் மஞ்சள் நோயால் பீட் விளைச்சல் கடுமையாக விழுந்தது. விதைப் பூச்சில் போட்டுவந்த பூச்சிநாசினியை ஐரோப்பா தடை செய்து அதிக காலம் ஆகவில்லை. இப்போது அந்த நோயைத் தாங்கும் இனங்களுக்குப் பின்னால் ஓடுகிறார்கள்.

ஆலைக்காரரின் கண் வேறு. அவருக்குக் கிழங்கின் பாரத்தைவிட உள்ளே உள்ள சீனி முக்கியம். அதைவிட முக்கியம், சீனி பளிங்காவதைத் தடுக்கும் பொட்டாசியம், சோடியம், அமினோ நைதரசன் குறைவாக இருப்பது. கிழங்கு பருத்தால் சீனி வீதம் இறங்கும், வீதம் ஏறினால் கிழங்கு சிறுக்கும். இந்த இழுபறியால் பாரத்துக்கு ஓர் இனம், சீனிக்கு ஓர் இனம், நடுவில் ஒன்று என்று மூன்று வகையாகவே விற்கிறார்கள். கமக்காரருக்கு வெறும் பாரத்துக்குக் காசு கொடுத்தால் அவர் யூரியாவை அள்ளிப் போடுவார். அதனால் சீனி வீதத்தையும் சேர்த்தே கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

உங்கள் கடையைப் பொறுத்தவரை, பிரேசிலும் இந்தியாவும் அனுப்புவது கரும்புச் சீனி. பீட் சீனி வந்தாலும் தேநீரில் வித்தியாசம் தெரியாது, இரண்டும் சுக்குரோஸ்தான்.

பீட் சீனி மரபணு மாற்றிய சீனியா? (மட்டக்குளி)

அமெரிக்காவில் பெரும்பாலும் ஆம். கிளைபோசேட் களைநாசினியைத் தாங்கும் பீட் அங்கே 2008இல் பரவலாக வந்து, இரண்டு மூன்று ஆண்டில் ஏறக்குறைய எல்லா வயலையும் பிடித்துவிட்டது. மகரந்தம் பறந்து தங்கள் கீரைப் பீட்டில் கலந்துவிடும் என்று இயற்கை விதைக்காரர் வழக்குப் போட்டார்கள். காற்றில் போகும் மகரந்தம் என்பதால் அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. ஐரோப்பாவில் விளைவது மரபணு மாற்றாதது. சுத்திகரித்த வெள்ளைச் சீனியில் மரபணுவோ புரதமோ மிஞ்சுவதில்லை. ஆகவே சாப்பிடுவதைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன். விதை ஒரு சில கைகளில் குவிவதைப் பற்றிக் கவலைப்படுவேன்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இனத் தெரிவு பற்றி வீட்டிலேயே செய்யக்கூடிய செயற்திட்டம் ஒன்று சொல்வீர்களா? (வெள்ளவத்தை மாணவி)

பிரான்ஸில் லூயி டி வில்மொரன் என்பவர் 1850களில் செய்ததையே செய்யுங்கள் பிள்ளை. சீனி கூடிய கிழங்கு அடர்த்தி கூடியது என்ற எண்ணத்தில், கிழங்குகளை உப்புநீரில் போட்டு, தாழ்ந்தவற்றைத் தெரிந்து விதைக்கு வைத்தார். முக்கியமானது அடுத்த படி: ஒவ்வொரு தாயின் பிள்ளைகளையும் தனித்தனியாக வளர்த்து, எந்தத் தாய் நல்ல பிள்ளைகளைத் தருகிறது என்று பார்த்தார். தொடக்கத்தில் ஆறு, ஏழு வீதம் இருந்த சீனி, அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் பதினாறைத் தாண்டியது.

சந்தையில் ஒரே அளவான பத்து பீட்ரூட் வாங்கி, இலக்கம் போட்டு, ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் ஒரே அளவு துண்டு வெட்டுங்கள். ஐந்தாறு கிண்ணத்தில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கரைத்து, எந்தத் துண்டு எந்தக் கிண்ணத்தில் மிதக்கத் தொடங்குகிறது என்று எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் முறிவுமானி இருந்தால் அதே கிழங்கின் சாற்றில் பிரிக்ஸ் (ஏறத்தாழ, சாற்றில் கரைந்திருக்கும் சீனி வீதம்) எடுத்து ஒப்பிடலாம். இரண்டு வரிசையும் எப்போதும் ஒத்துவராது. நடுவில் காற்றிடைவெளி உள்ள கிழங்கு ஏமாற்றும். அந்தக் கிழங்கை வெட்டிப் படம் எடுத்து அறிக்கையில் போடுங்கள், ஆசிரியர் அதைத்தான் முதலில் கேட்பார். பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு செய்யுங்கள், அம்மாவிடம் ஏச்சு வாங்க வேண்டாம்.