ஏழு மில்லிமீற்றர் விட்டுக்கொடுத்தால் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நாலடி அகலப் பலகையில் மாதிரிப் புகையிரதப் பாதையொன்று அமைத்திருக்கிறேன். இரண்டு நேர்ப்பாதைகளை 560 மில்லிமீற்றர் ஆரையுள்ள அரைவட்டங்கள் இணைக்கின்றன. உதயதேவிப் புகையிரதத்தை நினைத்துப் பூட்டிய ஐந்து பெட்டிகளும் வளைவுக்குள் போனபின் ஒழுங்காக ஓடுகின்றன. வளைவு தொடங்கும் இடத்தில்தான் உதறுகின்றன. பின்னோக்கித் தள்ளினால் அங்கேயே தடம்புரள்கின்றன. ஆரையைக் கூட்டப் பலகையில் இடமில்லை. என்ன செய்யலாம்?

வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பிக்கு,

வளைவுக்குள் போனபின் ஒழுங்காக ஓடுகின்றன என்று நீங்கள் எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது. ஆரை போதாதென்றால் வளைவு முழுவதும் தொல்லை இருந்திருக்கும். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, வளைவு தொடங்கும் இடத்தில் இரண்டு பெட்டிகளின் முனைகளை மட்டும் பாருங்கள். முன்பெட்டி வளைவில் ஏறியதும் அதன் பின்முனை வெளிப்பக்கம் ஒதுங்கும். அடுத்த பெட்டியின் முன்முனையோ இன்னும் நேர்ப்பாதையின் நடுவிலேயே நிற்கும். இரண்டும் வளைவுக்குள் வந்துவிட்டால் இரு முனைகளும் ஒரே அளவு ஒதுங்குவதால் மறுபடி நேருக்கு நேர் ஆகிவிடுகின்றன. இடையில் அந்த ஒரு கணத்தில் கொக்கி பக்கவாட்டில் இழுபடுவதுதான் நீங்கள் காணும் உதறல். தள்ளும்போது அதே விசை சில்லைத் தண்டவாளத்துக்கு மேலே ஏற்றிவிடுகிறது.

ஆகவே நேர்ப்பாதைக்கும் வட்டத்துக்கும் நடுவே, வளைவு சுழியத்திலிருந்து சீராகக் கூடிச்செல்லும் ஓர் இடைவளைவு வேண்டும். எங்கள் நாட்டின் 1676 மில்லிமீற்றர் அகல நிஜப் புகையிரதப் பாதையிலும் வளைவின் வெளித்தண்டவாளத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவது இத்தகைய இடைவளைவின் நீளத்துக்குள்தான்.

இதற்கு நிறைய இடம் போகும் என்ற பயத்தில்தான் பலர் இதைத் தொடுவதில்லை. கணக்கைப் பாருங்கள். இடைவளைவின் நீளம் உங்கள் மிக நீண்ட பெட்டியை விடச் சற்றுக் கூடுதலாக, 300 மில்லிமீற்றர் என்று வையுங்கள். வட்டம் உள்ளே தள்ளவேண்டிய தூரம், நீளத்தின் வர்க்கத்தை ஆரையின் 24 மடங்கால் வகுத்தால் வருவது. வட்டத்தின் மையத்தை அசைக்காமல் ஆரையை 553 ஆக்கினால் அந்தத் தூரம் 6.8 மில்லிமீற்றர், இரண்டையும் கூட்டினால் உங்கள் பழைய 560 வந்துவிடுகிறது. ஏழே மில்லிமீற்றர் ஆரையைத்தான் இழக்கிறீர்கள், பலகை ஒரு நூல்கூட அகலவேண்டியதில்லை.

இடைவளைவில் பாதி, பழைய தொடுபுள்ளிக்கு (நேர்ப்பாதை வட்டத்தைத் தொட்ட இடத்துக்கு) முன்னே நேர்ப்பாதையில் அமையும். அதாவது 150 மில்லிமீற்றருக்கு முன்பே வளையத் தொடங்கவேண்டும். அந்தத் துண்டுக்குள் பக்கப்பாதை பிரிகிறதென்றால் அதைப் பின்னால் நகர்த்துங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

தொடக்கப் புள்ளியிலிருந்து நேர்கோட்டை நீட்டி, 75, 150, 225, 300 மில்லிமீற்றரில் முறையே 0.4, 3.4, 11.4, 27.1 மில்லிமீற்றர் உள்ளே குறியிடுங்கள். தூரம் இரட்டித்தால் விலகல் எட்டு மடங்காகும் முப்படிப் பரவளைவு இது. அண்ணளவான சூத்திரந்தான், ஆனால் இந்த அளவுகளில் பிழை அரை மில்லிமீற்றரை எட்டாது. முதற் குறி பென்சில் கோட்டின் தடிப்பளவுதான் என்பதால் அதை அளந்து மினக்கெடாதீர்கள். கணு இல்லாத மெல்லிய சலாகையொன்றின் ஒரு முனையை வட்டத்தின் தொடக்கத்தில், வட்டத்தின் திசையிலேயே இறுக்கிப் பிடித்து, மற்ற முனையை நேர்க்கோட்டிலுள்ள தொடக்கப் புள்ளிக்குத் தள்ளினால், மரம் தானாகவே ஏறத்தாழ இதே வடிவில் வளையும். முனையில் மட்டும் தள்ளப்படும் சலாகையில் வளைவு தள்ளப்படும் முனையில் சுழியமாகி, இறுக்கிய முனைக்குச் சீராகக் கூடுவதே காரணம். நான் குறிகளைச் சரிபார்க்க மட்டும் கணக்கை வைத்துக்கொண்டு, கோட்டைச் சலாகையால்தான் கீறுகிறேன்.

அரைவட்டத்தின் இரு முனைகளிலும் இதையே செய்யவேண்டும். ஆணி அடிக்குமுன் பாதையைத் தற்காலிகமாக ஊசிகளால் நிறுத்தி, மிக நீண்ட இரண்டு பெட்டிகளைப் பூட்டிக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், முதலில் பின்னோக்கி.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து