பெட்டிக்குள் என்ன இருந்தது?

கேள்வி: கரூர் வழியாகக் காரில் கோவை போகும்போது, விநோதமான ஊர் என்று கேள்விப்பட்டுக் காங்கேயத்தில் நிறுத்தினோம். சிவன்மலையில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் ஊர் தீர்ந்துவிட்டது! இதைவிட விசித்திரமான ஊர் கொங்கு நாட்டில் உண்டா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எழுதவே இல்லையே ஐயா? பார்த்தீர்களா, செல்ஃபி மட்டும்தானா?

சிவன்மலை முருகன் கோயிலில் இருக்கிற அதன் பெயர் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. முருகன் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் கோயிலுக்கு வந்து தெரிவித்ததும் சாமியிடம் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அதுதான் இருக்கும். அதற்குக் கெடு கிடையாது. தண்ணீர், மண், மஞ்சள், சைக்கிள், துப்பாக்கிக் குண்டு என்று எதுவும் தப்பவில்லை. உள்ளே வைத்த பொருள் வரப்போவதைக் காட்டும் என்பது நம்பிக்கை; தண்ணீர் வைத்தார்கள், சுனாமி வந்தது என்பார்கள். நடந்த பிறகு முடிச்சுப் போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் மஞ்சள் வைத்தால் விலை ஏறுமா, இறங்குமா என்று டீக்கடையில் நடக்கிற வாக்குவாதம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு நாள் தங்கலாம். "ஏனுங்க, போன தடவை என்னாச்சுங்க?" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும்.

ஊர் தீர்ந்ததாம்! கார்க் கண்ணாடியை இறக்கினீர்களா? தேங்காய்ப் பருப்பு காய்கிற களத்து வாசனை வந்திருக்குமே. ரோட்டோரம் கிளுவை வேலி போட்ட காடுகளைப் புதர் என்று நினைத்திருப்பீர்கள். அவை கொறங்காடு, அதாவது மாடு மேய்க்கிற நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். மழை குறைந்த இந்த மண்ணில் காங்கேயம் மாடு வளர்வது அதை மேய்ந்துதான். கன்று செவலையாகப் பிறக்கும்; ஆறு மாதம் போல ஆகும்போது நிறம் மாறிச் சாம்பலாகிவிடும். விசித்திரம் வேண்டுமென்றால் இது போதாதா? நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதுதான் தெரியும்!

வேறு ஊர்ப் பெயர் இப்போது தருவதாக இல்லை. சித்திரையில் பக்கத்துக் கண்ணபுரத்தில் மாரியம்மன் தேரையொட்டி மாட்டுச் சந்தை கூடும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தரகர் யாராவது கண்ணில் பட்டால், இரண்டு விரல் பிடித்தால் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த ஊரை அப்புறம் சொல்கிறேன்.